அட்டைமேல் பதினொரு சொட்டு

வெளியே மைனஸ் நாற்பத்தெட்டு.
கராஜுக்குள், வண்டிக்கடியில்
பிஸ்கட் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தேன்.
காலையில் எண்ணினேன்: பதினொரு சொட்டு.

வண்டிக்குப் புகாங்கா என்று பெயர்.
ரஷ்ய மொழியில் முழு ரொட்டி.
உருவமும் ரொட்டி, சுமையும் ரொட்டி.
அல்தான் ஆறு உறைந்து சாலையான பிறகு
அக்கரை மூன்று ஊர்களுக்கும் நான்தான் அடுப்படி.

கெஸ்கில் சொன்னான், தக்கை கேஸ்கட் போடு.
"சம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓர் ஆள் வேண்டும்,
இரண்டு பக்கம் அமுக்கினாலும் முகம் சுளிக்காத ஆள்."
உய்பான் சிரித்தான். கையில் சாம்பல் நிற சீலன்ட் டியூப்.
"விளிம்பு வளைந்து கிடக்கிறது. தக்கைக்கு என்ன தெரியும்?
இது பள்ளத்தை மோந்து பார்த்துப் போய் நிரம்பும்."
இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள்.
ஒருவன் தேநீரில் பால் விட்டால்
அந்தச் சகலை அன்றோடு பாலை விட்டுவிடுவான்.

முதலில் உய்பானை நம்பினேன். விலை குறைவு.
சுரண்டினான், பெட்ரோலில் துடைத்தான்,
விரல் தடிமனுக்குப் பிதுக்கினான்.
நூல் மாதிரி ஓர் இழை போதாதா என்றேன்.
கஞ்சத்தனம் எஞ்சினுக்கு ஆகாது என்றான்.
ஒரு நாள் காய வேண்டும் என்று டியூப்பின் முதுகில் எழுதியிருந்தது.
மூன்றாவது மணியில் நான் கிளம்பிவிட்டேன், அது என் தப்பு.
பத்து நாள் கழித்து சம்ப்பைக் கழற்றினால்
எண்ணெய் உறிஞ்சும் சல்லடையில்
சாம்பல் நிறப் புழுக்கள், நெளியாமல்.
வெளியே ஒழுக்கு நிற்கவில்லை,
உள்ளே தொண்டை அடைபடப் பார்த்தது.

அப்புறம் கெஸ்கில்.
தக்கை யாகூத்ஸ்கிலிருந்து வர ஆறு நாள்.
வழியில் சுருங்கியிருந்ததை வெந்நீரில் போட்டான்;
துளையும் துளையும் பேசி ஒத்துக்கொண்டன.
போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கிக் குறுக்கும் மறுக்குமாக,
கொஞ்சம் கொஞ்சமாக.
நல்ல வேலை, சும்மா சொல்லக்கூடாது.
கடைசி போல்ட்டின்போது உய்பான் பக்கத்தில் நின்று விசிலடித்தான்.
கோபம் மணிக்கட்டில் இறங்கியது.
தக்கை அந்த இடத்தில் நாக்கைத் துருத்தியது.

மறுநாளும் பதினொன்று.
நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினேன்.

ஓட்டைச் சட்டியானாலும் ரொட்டி போய்ச் சேர்ந்தால் சரி என்று
ஒரு லிட்டர் எண்ணெயைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு
ஆற்றில் இறங்கினேன்.

நடு ஆற்றில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை,
இந்தக் குளிரில் யாரும் அணைப்பதில்லை.
இருக்கைக்குப் பக்கத்து மூடியைத் தூக்கியபோது
டிப்ஸ்டிக், நான் தொடுமுன்பே,
ஒரு விரற்கடை எழும்பி நின்றது
உள்ளேயிருந்து யாரோ நெட்டித் தள்ளியதுபோல்.

பனியில் மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்தேன்.
எஞ்சின் மூச்சு விடும் ஓஸின் வால் அங்கே தொங்கும்.
கையுறையோடு தடவினேன்.
வாய் முழுக்கப் பனிக்கட்டி, புட்டித் தக்கைபோல் இறுகி.

வாயைத் தைக்க நூலா கம்பியா என்று
ஒரு மாதமாகச் சண்டை போட்டிருக்கிறோம்.
அதற்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

கரண்டிக் காம்பால் குத்தினேன்.
புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு,
வெள்ளையாக, எண்ணெய் நாற்றத்தோடு, என் முகத்தின்மேல்.

ஓஸுக்கு இப்போது கம்பளி சுற்றியிருக்கிறேன்.
அட்டையில் ஒரே ஒரு சொட்டு,
தக்கை நாக்கு நீட்டிய இடத்துக்கு நேர் கீழே.
கெஸ்கில் இல்லாத நேரம் பார்த்து அந்தப் போல்ட்டைத் தளர்த்தி
உய்பானின் டியூப்பிலிருந்து மிளகளவு திருடி வைத்தேன்.
நிற்குமா, தெரியாது.

நேற்று இருவரும் வந்து குனிந்து பார்த்தார்கள்.
என் தக்கை என்றான் ஒருவன்.
நான் சுரண்டிக் கொடுத்த விளிம்பு என்றான் மற்றவன்.
பனிக்கட்டியைப் பற்றி வாயைத் திறக்காமல்
ரொட்டி எண்ணிக்கொண்டிருந்தேன்,
எண்பத்திரண்டு, எண்பத்திமூன்று.